இரண்டு அண்ணன்களுக்கு ஒரு தங்கை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத அன்பர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், மொட்டை மாடியில் துணி உலர்த்தும் நேரம் ஆகிய மூன்றையும் பேசி முடித்துவிட்டோம். மீதி நேரத்தில் மனசுக்கு இதமாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தலைப்பை நான் தேடிப் போகவில்லை. நம் வாட்ஸ்அப் குழுவே கொடுத்துவிட்டது.

நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஏற்கெனவே இரண்டு பையன்கள். அண்ணன்கள் பெயரோடு சேர்ந்து வருகிற மாதிரி ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள் என்று குழந்தையின் அப்பா குழுவில் ஒரு வரி போட்டார். பராமரிப்புக் கட்டண நினைவூட்டலுக்கு ஒருவரும் வாய் திறக்காத அதே குழுவில், அன்று இரவு பெயர் மழை கொட்டியது. ஒருவர் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்றார். ஒருவர் நட்சத்திர எழுத்து முக்கியம் என்றார். ஒருவர் எண் கணிதம் பார்த்தீர்களா என்று கேட்டார். பெரியவர் ஒருவர் பாட்டி பெயர் இருக்கும்போது வேறு பெயர் எதற்கு என்று முடித்தார். இரண்டு நாளில் லேசான மனவருத்தம் வரைக்கும் போய்விட்டது. அதனால் இதை நேரில், நிதானமாகப் பேசலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பையன்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பேச்சுக்கு, அண்ணன்கள் ஆதவன், முகிலன் என்று வைத்துக்கொள்வோம். தங்கைக்கு என்ன பெயர்?

முதலில், பொருத்தம் பார்ப்பது வீண் வேலை இல்லை என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் பெயரும் உறவும் அவ்வளவு நெருக்கமானவை. பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பேத்தி என்பது பெயர்த்தி. அதாவது தாத்தா பாட்டியின் பெயரைச் சுமப்பவர்கள். உறவுக்கே பெயரை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறோம். ஆகவே மூன்று பிள்ளைகளையும் வரிசையாகக் கூப்பிடும்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காதுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு பாட்டி ஆசைப்பட்டால், அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ள மாட்டேன்.

ஆனால் எவ்வளவு பொருத்தம், எதில் பொருத்தம் என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் இதற்குப் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முதல் எழுத்துப் பொருத்தம். ஆதவனுக்கு ஆதிரை, முகிலனுக்கு முல்லை. இரண்டாவது, ஓசைப் பொருத்தம். அண்ணன்கள் இனியன், நிலவன் என்றால் தங்கை இனியாள், நிலா என்று வரும். மூன்றாவது, பொருள் பொருத்தம். ஆதவன் சூரியன், முகிலன் மேகம். அப்படியானால் தங்கை வெண்மதி, தென்றல், நிலா என்று வானத்திலேயே தேடலாம். ஆற்றுப் பெயர் இருக்கும் வீட்டில் பொன்னி, வைகை, பவானி என்று போகலாம். நான்காவது, வழிப் பொருத்தம். அண்ணன்களுக்குக் குலதெய்வத்தின் பெயர் என்றால் தங்கைக்கும் அந்தக் கோயில் அம்மன் பெயர். அண்ணன்களுக்குத் தமிழ் அரசர் பெயர் என்றால் தங்கைக்குக் குந்தவை, மங்கையர்க்கரசி.

நான்கும் நல்ல வழிகள்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நான்கையும் ஒரே பெயரில் கொண்டுவரப் பார்க்கும்போது. அப்போது பெயர் கிடைக்காது, பிணக்குதான் கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே போகும்போது சிலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். புராணத்திலிருந்து பெயர் எடுத்தால் உறவு முறையைப் பார்க்க வேண்டும். அண்ணன் வேலன் என்றால் தங்கைக்கு வள்ளி பொருந்தாது. அண்ணன் ராமன் என்றால் தங்கைக்கு ஜானகி சரியாக வராது. நளனும் தமயந்தியும் அப்படியே. தனித்தனியே எல்லாம் அருமையான பெயர்கள். ஒரே வீட்டில் அண்ணன் தங்கைக்கு வைத்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். மதுரைக்காரர்களுக்கு இதில் சௌகரியம். அழகர் அண்ணன், மீனாட்சி தங்கை. அண்ணன் அழகர், தங்கை மீனாட்சி என்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள்.

இப்போது அண்ணன்களுக்குப் பொருத்தமாகப் பெயர் வைக்கப்பட்ட தங்கைகளில் மிகப் பழைய ஒருத்தியைப் பார்ப்போம். மகாபாரதத்தில் கௌரவர்கள் நூறு பேர். அவர்களுக்கு ஒரே தங்கை. மூத்தவன் துரியோதனன், அடுத்தவன் துச்சாதனன். தங்கையின் பெயர் என்ன? இங்கே எத்தனை பேருக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது, பாருங்கள். துச்சலை. பெயர்ப் பொருத்தத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓசை அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் நூறு அண்ணன்களின் தங்கை, சயத்திரதனின் மனைவி என்று சொன்னால்தான் அவள் யார் என்று தெரிகிறது.

அதே கதையில் இன்னொரு தங்கை இருக்கிறாள். அவளுக்கும் இரண்டு அண்ணன்கள்தான். பலராமன், கண்ணன், தங்கை சுபத்திரை. ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று பேரும் சேர்ந்தே நிற்கிறார்கள். இரண்டு அண்ணன்களுக்கும் நடுவில் தங்கை. அங்கே பலராமரைப் பலபத்திரர் என்று சொல்கிறார்கள். பலபத்திரர், சுபத்திரை. பெரிய அண்ணன் பெயரில் உள்ள பத்திரம் தங்கை பெயரிலும் இருக்கிறது. சின்ன அண்ணன் பெயரோடு ஓசைப் பொருத்தம் எதுவும் இல்லை. அதனால் யாரும் குறை சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. ரத யாத்திரையில் மூன்று பேரும் ஒரே தேரில் போவதில்லை. ஜகந்நாதர் தேர் நந்திகோஷம், அதற்குப் பதினாறு சக்கரம். பலபத்திரர் தேர் தாளத்வஜம், அதற்குப் பதினான்கு. சுபத்திரைக்கு என்று தனித் தேர் இருக்கிறது. அதன் பெயர் தர்ப்பதலனம், பன்னிரண்டு சக்கரம். ஒரே வீதி, ஒரே திருவிழா, ஆனால் அவளுக்கு அவள் தேர். பெயர் வைப்பதற்கு நான் சொல்ல நினைப்பதும் அதுதான். ஒரு இழை சேர்ந்தால் போதும், தேர் தனியாக இருக்கட்டும்.

இது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. நம் குடியிருப்பில் எல்லோரும் இருக்கிறோம். ஹசன், ஹுசைன் என்ற இரண்டு பெயர்களையும் பாருங்கள். ஒரே வேரில் பிறந்த பெயர்கள். அவர்களுக்குத் தங்கை ஜைனப். ஓசையில் சம்பந்தமே இல்லாத பெயர். ஆனால் 680-ஆம் ஆண்டு கர்பலாவுக்குப் பிறகு, அண்ணனை இழந்த நிலையிலும் ஆட்சியாளர் சபையில் நின்று பேசியவர் என்று இன்றைக்கும் அவரை நினைக்கிறார்கள். பைபிளில் மோசே, ஆரோன் இருவருக்கும் சகோதரி மிரியாம். அவள் மூத்தவள். தம்பிகளின் பெயர் ஓசையை அவள் பெயரில் தேட வேண்டியதில்லை. கடலைக் கடந்ததும் தம்புரு எடுத்துப் பெண்களை முன் நடத்தியவள் என்றுதான் அவளைப் படிக்கிறோம். நம் பெரியபுராணத்தில் திலகவதியாரும் மருள்நீக்கியாரும் அக்கா தம்பி. இரண்டு பெயரிலும் பொருத்தம் ஏதும் தெரியாது. ஆனால் அப்பர் கதையை அந்த அக்கா இல்லாமல் சொல்ல முடியுமா?

பிள்ளைகளின் பெயரை மொத்தமாக ஒரே நூலில் கோத்த ஒரு வீடும் தமிழ்நாட்டில் இருந்தது. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டார் மறைமலையடிகள். 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் காலம் அது. தம் பெயரோடு நிற்கவில்லை. திருஞானசம்பந்தம் என்ற மகன் அறிவுத்தொடர்பு ஆனார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். சொல்லுக்குச் சொல் தமிழ். கொள்கை என்ற வகையில் மிக உறுதியான பொருத்தம். அந்தப் பெயர்களில் மணிமொழி இன்றும் நம் காதில் விழுகிறது. மற்றவற்றை அவ்வளவாகக் கேட்பதில்லை. பொருள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நாக்கில் சுலபமாகப் புரண்டால்தான் ஒரு பெயர் நிலைக்கிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நான் வங்கியில் எழுத்தராக இருந்தவன். என் வேலையில் பெரும் பகுதி மனிதர்களின் பெயரை எழுதுவதும், எழுதிய பெயரைச் சரிபார்ப்பதும்தான். அந்த அனுபவத்திலிருந்து இரண்டு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, மிக நெருங்கிய பெயர் வேண்டாம். அண்ணன் கார்த்திக், தங்கை கார்த்திகா என்று வைப்பார்கள். வீட்டில் கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே இனிஷியல், ஒரே முகவரி, பெயரில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். காசோலைப் புத்தகம் வந்தாலும், கூரியர் வந்தாலும், பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல் வந்தாலும் இரண்டு தடவை பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அது நடைமுறைச் சிக்கல். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அண்ணன் பெயரில் ஒரு கால் சேர்த்துத் தங்கைக்கு வைப்பது, அண்ணன் சட்டையைப் பிடித்துத் தைத்துத் தங்கைக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. துணி நல்ல துணிதான். ஆனாலும் அவளுக்கென்று எடுத்த துணி இல்லையே.

இரண்டாவது, இனிஷியலைச் சேர்த்து எழுதிப் பாருங்கள். தமிழில் அது பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சு. மதி என்று எழுதினால் சுமதி என்று படிப்பார்கள். பா. ரதி என்றால் பாரதி. இவை அழகாக அமைந்தவை. குப்புசாமி தன் மகனுக்கு ரங்கன் என்று வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். பின் வரிசைப் பிள்ளைகள் எழுதிப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது, சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

மூன்றாவது, ஆங்கில எழுத்து. யாழினி, கயல்விழி, தமிழிசை எல்லாம் அருமையான பெயர்கள். நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட், ஹெச் இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம். வேலைக்கு வடக்கே போனால் யாழினியை யாஜினி என்று கூப்பிடுவார்கள். அதற்காக அந்தப் பெயரை வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை திருத்திச் சொல்லப் பழகிக்கொள்ளும். ஆனால் வைக்கிற அன்றைக்கே ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, பெற்றோர் இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று போனால் பிற்பாடு ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அந்தப் பெண் நின்று விளக்கம் சொல்ல வேண்டும்.

கவுன்ட்டரில் நான் பார்த்த இன்னொரு காட்சி உண்டு. முதியோர் பணம் வாங்கவோ நகைக்கடன் புதுப்பிக்கவோ வருகிற வயதான அம்மாக்களிடம் பெயரைக் கேட்டால், சிலர் கணவர் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு உடன் வந்தவரைப் பார்ப்பார்கள். சிலர் தன் பெயரைக் கேட்கிறேன் என்பதே புரியாமல், மகனின் அம்மா என்று சொல்வார்கள். அம்மா, உங்கள் பெயர் என்ன என்று இன்னொரு தடவை கேட்டால் ஒரு கணம் நிறுத்தி, பிறகு சொல்வார்கள். அலமேலு. பேச்சியம்மாள். ஃபாத்திமா. எத்தனையோ வருஷமாக யாரும் கூப்பிடாத பெயரைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

இளைய பெண்களுக்கு வேறு விதம். கல்யாணத்துக்கு முன் எடுத்த சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். பின் எடுத்ததில் கணவரின் இனிஷியல். இரண்டையும் வைத்துக்கொண்டு, இரண்டும் நான்தான் என்று உறுதிமொழி எழுதித் தருவார்கள். முன்னால் இருக்கும் எழுத்து மாறும், வீட்டு முகவரி மாறும், ஊர் மாறும். ஒரு ஆணுக்கு இவை அநேகமாக மாறாது. பெண்ணுக்குக் கடைசி வரை மாறாமல் கூட வருவது, நடுவில் இருக்கிற அந்தப் பெயர் ஒன்றுதான். அதனால்தான் சொல்கிறேன், பையனுக்குப் பெயர் தேடுவதைவிடப் பெண்ணுக்குத் தேடும்போது இன்னும் கொஞ்சம் கவனமாக இருங்கள். அண்ணன்கள் பெயரோடு சேர்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அண்ணன்கள் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தப் பெயர் தனியாக நிற்குமா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் பெண் குழந்தைகளுக்குப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் வைத்த ஊர்கள் உண்டு. அடுத்தது பையனாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதலை அந்தக் குழந்தையின் தலையில் எழுதி அனுப்பினார்கள். அவள் பெயர் அவளைப் பற்றியதே இல்லை. பிறக்காத தம்பியைப் பற்றியது. நம் குழுவில் வந்த பெயர்களை அதோடு ஒப்பிட மாட்டேன். எல்லாமே ஆசையோடு சொன்னவை. ஆனால் அளவு குறைந்த வேறு வடிவத்தில் அதே பழக்கம் நம்மிடமும் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். இரண்டு ஆண் பிள்ளைகளின் பெயர்கள் முடிவாகிவிட்டன, மிச்சம் இருக்கிற இடத்தில் பெண்ணின் பெயரைப் பொருத்துவோம் என்று தொடங்கினால், அவள் பெயரும் அவளைப் பற்றியதாக இருக்காது.

நட்சத்திர எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்பிக்கை உள்ளவர்கள் பார்க்கட்டும். பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. ஆனால் திருவாதிரையில் ஒரு பாதத்துக்கு ங என்று வரும். தமிழில் ங-வில் தொடங்கும் பெயர் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். அந்தப் பாதத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் பெயர் இல்லாமலா இருக்கிறார்கள்? நம் பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். காதில் ஓதுகிற பெயர் ஒன்று, ஊர் கூப்பிடுகிற பெயர் ஒன்று. நட்சத்திரப் பெயரையும் பாட்டி பெயரையும் பெயர் சூட்டும் நாளில் காதில் மூன்று முறை சொல்லுங்கள். மனம் நிறையும். சான்றிதழில் ஏறுவது ஒரே பெயராக இருக்கட்டும்.

பாட்டி பெயர், அத்தை பெயர் என்று வைப்பதும் பெரிய மரபு. ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன், அக்கா குந்தவை. அருள்மொழி என்பது ராஜராஜனின் இயற்பெயர். மூன்று பெயருக்கும் ஓசைப் பொருத்தம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தன் கொடைக்கு அடுத்தபடி அக்காவின் கொடையைக் குறிப்பிடச் சொன்னவர் ராஜராஜன். தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயர் வைத்தார். அந்தக் குந்தவைதான் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்தவள். ஒரு வீட்டில் ஒரு பெண் எப்படி மதிக்கப்பட்டாள் என்பதற்கு, அவள் பெயர் அடுத்த தலைமுறைக்குப் போவதைவிட நல்ல அத்தாட்சி வேறு என்ன வேண்டும்? பாட்டி பெயர் நீளமாகவோ பழையதாகவோ தோன்றினால் அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். தையல்நாயகி என்ற பாட்டிக்குத் தையல் என்ற பேத்தி இருக்கலாம். பொன்னம்மாளுக்குப் பொன்னி. அப்படிச் செய்யும்போது அண்ணன்களோடு ஓசை சேரவில்லை என்றால், சேராமல் போகட்டும். அவளுக்குப் பாட்டியோடு சேர்ந்திருக்கிறதே.

பட்டியல் நீண்டுபோனால் என்ன செய்வது? மூன்று சோதனை சொல்கிறேன். செலவில்லாதவை.

முதல் சோதனை, கூப்பிட்டுப் பார்ப்பது. மாலையில் பால்கனியில் நின்றுகொண்டு, கீழே விளையாடும் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரலில் மூன்று பெயரையும் சொல்லுங்கள். ஆதவா, முகிலா, தென்றல். சாப்பிட வாங்க. நாக்கு தடுக்கவில்லை, மூன்றும் தனித்தனியே காதில் விழுகிறது என்றால் சரி. ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தால் பெயர்கள் தேவைக்கு மேல் நெருங்கியிருக்கின்றன என்று அர்த்தம்.

இரண்டாவது, தனியே எழுதிப் பார்ப்பது. இனிஷியலோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும். அதன் கீழே ஒரு டாக்டர், ஒரு தாசில்தார், ஒரு தறி வைத்திருக்கும் தொழில்முனைவர், எந்த வேலையை வேண்டுமானாலும் எழுதிப் பாருங்கள். தொட்டிலுக்கு மட்டும் பொருந்துகிற பெயராக இருந்தால் நாற்பது வயதில் அவளுக்குச் சங்கடம். செல்லப் பெயர் வேறு, சான்றிதழ்ப் பெயர் வேறு.

மூன்றாவது, அர்த்தம் கேட்பது. ஐந்து வயதில் அவள் வந்து, என் பெயருக்கு என்ன அர்த்தம், ஏன் எனக்கு வைத்தீர்கள் என்று கேட்பாள். அண்ணன் பெயருக்கு மேட்சாக வைத்தோம் என்பது மட்டுமே உங்கள் பதிலாக இருந்தால் அது போதாது. இன்னொரு வாக்கியம் இருக்க வேண்டும். ஆதிரை என்று வைத்தால், வானத்து நட்சத்திரம், மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட பெண்ணின் பெயர் என்று சொல்லலாம். ஆதவனுக்கும் முகிலனுக்கும் வானம் வழியாக உறவும் ஆயிற்று, அவளுக்கென்று ஒரு கதையும் ஆயிற்று.

இனி, யார் முடிவு செய்வது? குழுவில் வந்த அத்தனை செய்திகளையும் நான் பொறுமையாகப் படித்தேன். குழந்தையின் அப்பா பேசினார், இரண்டு தாத்தாக்கள் சார்பிலும் செய்தி வந்தது, நாங்கள் எல்லோரும் பேசினோம். குழந்தையின் அம்மா ஒரு பெயரும் சொல்லவில்லை. அவர் இந்தக் குழுவில் இருக்கிறார். பத்து மாதம் சுமந்தவருக்கு மனதில் ஒரு பெயர் இல்லாமலா இருக்கும்? மற்ற வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் பட்டியல் போட்டு முடித்த பிறகு, உனக்குச் சம்மதம்தானே என்று மருமகளைக் கேட்பார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் அவரைக் கேளுங்கள். அவர் சொல்கிற ஒன்றிரண்டு பெயரோடு மற்றவர்கள் தங்கள் ஆசையைச் சேர்க்கட்டும். இங்கே இருக்கும் மாமியார்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். உங்கள் முதல் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது உங்களை யாராவது கேட்டார்களா என்று நினைத்துப் பாருங்கள். கேட்கவில்லை என்றால், அந்த வருத்தம் உங்களோடு முடியட்டும்.

அண்ணன்களையும் மறக்க வேண்டாம். ஏழு வயது, ஐந்து வயதுப் பையன்களுக்குத் தங்கை வருவது பெரிய விஷயம். சான்றிதழ்ப் பெயரை அவர்களிடம் விட முடியாது. விட்டால் கார்ட்டூன் பெயர்தான் வரும். ஆனால் செல்லப் பெயர் வைக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்கலாம். வீட்டில் கூப்பிடும் பெயரை அண்ணன்கள் வைத்தார்கள் என்றால், பொருத்தம் எழுத்திலும் ஓசையிலும் தேட வேண்டியதில்லை. அது தானாக வந்துவிடும்.

கடைசியாக, காகித வேலை. இதை நான் சொல்லாமல் போனால் வங்கிக்காரன் என்ற பெயருக்கு இழுக்கு.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். அப்போதே பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமலே பதிவாகும். பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆகவே அவசரப்பட்டுச் சண்டை போட்டுப் பெயர் வைக்க வேண்டியதில்லை. அதே சமயம் தள்ளிப்போடவும் வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பதிவேட்டில் ஏறிய பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்துவது ஒரு வேலை. பெயரையே மாற்றுவது அரசிதழ் வரை போகிற பெரிய வேலை. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெயரோடு சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்த வேலையாக அவள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். 2015-இல் வந்த திட்டம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். அது அண்ணன்களுக்குக் கிடைக்காத கணக்கு. அந்தப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அவள் பெயர் தெளிவாக இருக்கும். பத்து வயது நிரம்பினால் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அவளே கையெழுத்துப் போட்டு நடத்தவும் ரிசர்வ் வங்கி விதிகள் இடம் கொடுக்கின்றன. அந்த முதல் கையெழுத்தை அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதுவாள். அப்போது அவள் எழுதுகிற பெயரைத்தான் இப்போது நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

குழந்தைக்கு என் ஆசிகள். பெற்றோருக்கு என் வாழ்த்துகள். சுண்டல் தயாராகிவிட்டது என்று சைகை வருகிறது.